தாலுகா ஆபீஸா, ஊராட்சி மன்றமா? உள்ளாட்சி பற்றி வாசகர் கேள்விகள்

உள்ளாட்சி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊராட்சி, பேரூராட்சி நிர்வாகத்தை நன்கு அறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் எந்த வேலைக்கு வி.ஏ.ஓ.வைப் பார்ப்பது, எதற்குத் தலைவரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. இருவரும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். உண்மையில் யார் பெரியவர்?
– வாசகர், அரியலூர் மாவட்டம்

இரண்டு பேரும் வெவ்வேறு துறை. ஒருவர் மற்றவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இது பிடிபட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

தமிழ்நாட்டில் ஒரே நிலப்பரப்பின் மேல் இரண்டு நிர்வாகம் நடக்கிறது. முதலாவது வருவாய்த் துறை. மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம் என்று கீழே இறங்கும். அதன் கடைசி ஆள் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. அவர் அரசு ஊழியர். நிலப் பதிவேடுகள் அவர் கையில் இருக்கின்றன. வருமானம், சாதி, இருப்பிடம், வாரிசு எனச் சான்றிதழ் எது கேட்டாலும் அவருடைய அறிக்கைதான் முதல் படி. பட்டா மாறுதலுக்கும் தாலுகா ஆபீஸ்தான்.

இரண்டாவது உள்ளாட்சி. மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மூன்று அடுக்கு. இவை நாம் ஓட்டுப் போட்டு அமைப்பவை. ஊரகத் தேர்தலில் ஒருவர் நான்கு ஓட்டுப் போடுவது இதனால்தான்: வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கடைக்கான உரிமம், கட்டட அனுமதி ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. ரேஷன் கார்டுக்கு ஊராட்சியில் கேட்டுப் பயனில்லை. அதற்கு வட்ட வழங்கல் அலுவலரைப் பார்க்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கூரை ஒழுகினால் ஒன்றிய அலுவலகம், ஆசிரியர் வரவில்லை என்றால் கல்வித் துறை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வருவாய் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றல்ல. 2019 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் இருந்தன. வருவாய் கிராமங்களோ பதினாறாயிரத்துக்கும் மேல். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் இருக்கலாம், ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சியில் பிரிந்தும் கிடக்கலாம். எனவே எந்த மனு எழுதினாலும் ஊராட்சியின் பெயர், வருவாய் கிராமத்தின் பெயர், புல எண் மூன்றையும் எழுதுங்கள். புல எண் மட்டும் எழுதிய மனு தவறான ஊருக்குப் போய்த் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

முப்பது வருடமாக வீட்டு வரி என் பெயரில் கட்டுகிறேன். இடம் எனக்குச் சொந்தம்தானே?
– வாசகர், தேனி மாவட்டம்

வரி ரசீது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போடப்படுவதுண்டு. நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள், வரி கட்டுகிறீர்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். முதலில் புல எண்ணை வைத்து 'அ' பதிவேட்டில் அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நத்தம், அதாவது குடியிருப்பு நிலம் என்றால் பட்டா வாங்க வழி இருக்கிறது. நீர்நிலை, மேய்க்கால், பாதை என்றிருந்தால் எத்தனை வருட ரசீது இருந்தாலும் பட்டாவை எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் வீடு கட்டி எட்டு வருடம் ஆகிறது. இன்னும் மண் சாலைதான். ஊராட்சியில் கேட்டால் "அது எங்கள் சாலை இல்லை" என்கிறார்கள். வரி மட்டும் வாங்குகிறார்களே?
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் மிக அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மனைப்பிரிவு போடுகிறவர் தன் நிலத்தில் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விடுவார். அந்த இடம் வரைபடத்தில் 'சாலை' என்று இருப்பதாலேயே பொதுச் சாலை ஆகிவிடாது. தானப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவரை சட்டப்படி அது தனியார் நிலம். தனியார் நிலத்தில் ஊராட்சி தன் நிதியைச் செலவு செய்தால் தணிக்கையில் தடை விழும். ஊராட்சிச் செயலர் தயங்குவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்குங்கள். உங்கள் பத்திரத்திலேயே அங்கீகார எண் இருக்கும். வரைபடத்தில் சாலைக்கும் பொது ஒதுக்கீட்டு இடத்துக்கும் உரிய புல எண், உட்பிரிவு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பூங்கா இல்லை என்றவுடன் ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, அந்த எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனைப்பிரிவு போட்ட வருடத்திலிருந்து இன்றுவரை கேட்க வேண்டும். அதில் ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் இருந்தால் சாலை ஊராட்சியுடையது. பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் எழுதி மனுக் கொடுங்கள். அதன் பிறகு "எங்கள் சாலை இல்லை" என்ற பதில் வராது. ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். ஏறாவிட்டால் எந்தத் திட்டத்திலும் சாலை போட முடியாது.

தானப் பத்திரமே இல்லை என்றால் மனைப்பிரிவு போட்டவரிடம்தான் வாங்க வேண்டும். குடியிருப்போர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, அவருக்கு எழுத்தில் கேட்டு, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எட்டு வருடத்தில் முடியாதது இருபது வருடத்தில் இன்னும் கடினமாகும், தள்ளிப்போட வேண்டாம். வில்லங்கத்தில் பூங்கா இடம் மனையாக விற்கப்பட்டிருப்பது தெரிந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வரி வாங்குவது வேறு கணக்கு. கட்டடம் இருந்தால் வரி உண்டு.

கிராம சபையில் போய் என்ன ஆகப்போகிறது? கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

போகாமல் இருந்தால் அந்தக் கையெழுத்தோடுதான் முடியும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தலைவர் ஊராட்சி மன்றத்துக்கு மட்டுமல்லாமல் இந்தச் சபைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள் சபை கூடும். ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேராமல் நடத்திய கூட்டம் செல்லாது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதெல்லாம் இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான். அப்படி யாராவது வந்தால் போடாதீர்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று "ரோடு சரியில்லை, லைட் எரியவில்லை" என்று சொல்வது காற்றோடு போய்விடும். கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக: "2-வது வார்டு, மாரியம்மன் கோயில் தெருவில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை 180 மீட்டர் வடிகால் அமைக்கும் பணியை வரும் ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க இச்சபை தீர்மானிக்கிறது." இடம், அளவு, எந்தத் திட்டம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே இரண்டு பிரதி எழுதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சபையில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகே வருகைப் பதிவில் கையெழுத்து. தீர்மானத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லலாம். நீங்கள் கேட்காத தீர்மானங்கள் பிறகு ஏறுவது அந்த வெற்றிடத்தில்தான்.

ஊருக்கான பணிகளைத் திட்டத்தில் சேர்க்க ஏற்ற நாள் அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான திட்டம் அன்றுதான் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15 அன்று வரவு செலவைக் கேட்கலாம். ஊராட்சியின் பொது நிதி முதல் கணக்கில் இருக்கும், தெருவிளக்கு மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதும் இரண்டாம் கணக்கில், திட்டப் பணம் மூன்றாம் கணக்கில். "எவ்வளவு செலவு?" என்று பொதுவாகக் கேட்காமல், கணக்கு வாரியாக இருப்பைக் கேளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் பட்டுவாடாவும் வருடவாரியாக இருக்கின்றன. போகுமுன் பார்த்துக்கொண்டு போனால் பேச்சே மாறும்.

நகல் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகல் கேட்டு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தவறான அலுவலகம் என்றாலும் ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் தீர்மானத்துக்கு வலு உண்டு. மதுக்கடை, நெடுஞ்சாலை, குவாரி போன்றவற்றில் அது ஊரின் கருத்து. வழக்குக்கு உதவும், ஆனால் தீர்மானம் போட்ட மறுநாள் எதுவும் மூடப்படாது.

தொட்டித் தண்ணீரில் ஒரு நாள் மருந்து வாடை தூக்குகிறது, பத்து நாள் வாடையே இல்லை. எது சரி?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

இரண்டுமே சரியில்லை. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம். தினமும், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் போட வேண்டும். ஒரு நாள் அள்ளிக் கொட்டிவிட்டுப் பத்து நாள் விடுவதால்தான் நீங்கள் சொல்வது நடக்கிறது.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். நீர் ஏறத் தொடங்கியதும் ஊற்றினால் தானே கலந்துகொள்ளும். அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். புது மூட்டையில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வாய் திறந்த மூட்டை ஈரத்தில் கிடந்தால் சில வாரங்களில் வலு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு போட்டாலும் வெறும் சுண்ணாம்புதான்.

சோதிக்க வேண்டிய இடம் தொட்டியின் அடியில் உள்ள குழாய் அல்ல, கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவு பார்க்கும் கருவி) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அளவு போதவில்லை, அல்லது நடுவில் குழாய் உடைந்து சாக்கடை நீர் கலக்கிறது. தொட்டியை மாதம் இரு முறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவுவது ஊராட்சிகளில் நடைமுறை. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதியிருப்பார்கள். பழைய தேதி என்றால் இயக்குபவரிடம் சண்டை போட வேண்டாம். பவுடர் வாங்கித் தருவது ஊராட்சியின் வேலை, அங்கே கேளுங்கள்.

ஏரியைத் தூர்வார யாரிடம் மனுக் கொடுப்பது? வயலுக்கு வண்டல் மண் எடுக்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பாசனப் பரப்பைப் பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணி, குளம், குட்டை ஊராட்சியின் பராமரிப்பில் வரும். அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் குளம் தனி.

வண்டல் மண் இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். 2024-லிருந்து மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியதில்லை. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரி குளங்களில் மட்டுமே எடுக்க முடியும். விண்ணப்பத்தில் நிலப் பரப்பைச் சிட்டாவில் உள்ளபடி எழுதுங்கள். நிராகரிப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு டிராக்டர் மண் எடுத்தாலும் அது கனிமத் திருட்டு வழக்கு.

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். நல்லதா, கெட்டதா?
– வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

யாருக்கு என்பதைப் பொறுத்தது. நூறு நாள் வேலை போன்ற ஊரக வேலைத் திட்டங்கள் நின்றுவிடும். கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது நேரடி இழப்பு. இணைப்பை எதிர்த்து முதலில் நிற்பவர்கள் அவர்கள் என்பதில் வியப்பில்லை. ஊரக வீட்டுத் திட்டங்களும் நகர்ப்புறத் திட்டங்களாக மாறும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, மண்டல மதிப்பும் கட்டடப் பரப்பும் வைத்துக் கணக்கிடப்படும். பெரும்பாலும் கூடும். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போகும். நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபைக்குப் பதில் பகுதி சபை வரும். ஊரே ஒரு சபையாகக் கூடிக் கணக்குக் கேட்ட பழக்கம் அதில் கிடைக்குமா என்பது எங்கள் கவலை.

ஆதாயமும் இருக்கிறது. நகரை ஒட்டிப் பத்தாயிரம் வீடு முளைத்த ஊராட்சியில் ஒரு செயலரும் சில தூய்மைக் காவலர்களும் குப்பையைச் சமாளிக்க முடியாது. பாதாளச் சாக்கடை, பொறியாளர், சுகாதார ஆய்வாளர் எல்லாம் நகராட்சியில்தான் கிடைக்கும். நகரோடு கலந்துவிட்ட ஊருக்கு இணைப்பு தேவை என்றும், பாதிக்கு மேல் வயலாக இருக்கும் ஊரை இழுத்துச் சேர்ப்பது தவறு என்றும் நினைக்கிறோம்.

பட்டா, புல எண் எதுவும் இணைப்பால் மாறாது. வருவாய் கிராமம் அப்படியே இருக்கும். மறுப்புச் சொல்வதானால் உத்தேச அறிவிக்கையில் உள்ள கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். சாலை மறியல் கோப்பில் ஏறாது. மறுப்பில் விவசாயப் பரப்பு, வேலை அட்டை உள்ள குடும்பங்களின் எண்ணிக்கை, நகராட்சி அலுவலகத்துக்கு உள்ள தூரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.

குழந்தை பிறந்தது மாமியார் ஊரில். பிறப்புச் சான்றிதழை எங்கள் ஊரில் வாங்கலாமா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதிவு, பிறந்த இடத்தில்தான். வீட்டில் பிறந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ. பதிவாளர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள சுகாதார ஆய்வாளர். 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் நிலையில் ஆணை வாங்க வேண்டிவரும். பெயர் வைக்காமலே பதிவு செய்யலாம். பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை.

2,400 சதுர அடி மனையில் தரையும் மாடியும் கட்டப்போகிறேன். ஊராட்சித் தலைவர் கையெழுத்து வேண்டுமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

வேண்டியதில்லை. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றி, கட்டணம் கட்டினால் அனுமதி உடனே வரும். கள ஆய்வு இல்லை. பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அங்கீகாரமோ வரன்முறையோ இல்லாத மனைக்கு இது பொருந்தாது. ஆய்வு இல்லை என்பதற்காகப் பக்க இடைவெளியைக் குறைத்துக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும், அனுமதி ரத்தாகும்.

தேர்தல் நடக்காமல் அதிகாரிகளே ஊராட்சியை நடத்துகிறார்களே, இது சட்டப்படி சரியா?
– வாசகர், மதுரை மாவட்டம்

அரசியலமைப்பின் 243-இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்து முடிய வேண்டும். வார்டு மறுவரையறை நடக்கிறது என்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் 2016 அக்டோபருக்குப் பின் தமிழ்நாட்டு ஊராட்சிகள் மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இழப்பு பணமாகவே தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்படும். 15-வது நிதிக்குழு மானியத்தில் தமிழ்நாட்டில் 80 சதவீதம் நேராகக் கிராம ஊராட்சிக்கு வந்தது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அது வராத ஆண்டில் பழுதான மோட்டாரை மாற்றவும் பொது நிதியைத்தான் தொட வேண்டும். சொந்த வருமானம் குறைந்த சிறிய ஊராட்சிகள் தெருவிளக்கு மின்கட்டண பாக்கியில் விழுவது இப்படித்தான்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடந்தாக வேண்டும், தீர்மானப் புத்தகமும் வருகைப் பதிவும் உண்டு. தனி அலுவலராக இருக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பில் பல பத்து ஊராட்சிகள் இருப்பதால் உங்கள் ஊருக்கு அவர் நேரில் வராமல் போகலாம். யார் தலைமையில் கூடியது என்று தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். கோரிக்கை மனுவைச் செயலரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒன்றிய அலுவலகத் தபால் பிரிவிலும் கொடுத்து வரிசை எண் வாங்கிக்கொள்ளுங்கள்.